சைக்கிள் டியூப் சாட்சி

சுவரில் வெடிப்பு விழுந்தால், அது பழைய வெடிப்பா இன்னும் வளருகிற வெடிப்பா என்று கண்டுபிடிக்க எளிய முறை ஒன்று உண்டு. வெடிப்புக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு ஓரத்தையும் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிட வேண்டும். சுவர் சும்மா இருந்தால் கண்ணாடியும் சும்மா இருக்கும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் உள்ளே இருப்பவர்களை வெளியேற்ற வேண்டும். இதைப் புரிந்துகொள்ள ஐந்தாம் வகுப்புப் படிப்பு போதும். நாங்கள் எல்லாரும் அதற்கு மேல் படித்திருந்தோம்.

என் பெயர் யோகராஜ். 1999-ல் கோவில்பட்டி வட்டாரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம், பென்ஷன் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.

பசுவந்தனைக்குப் போகிற பாதையில் ஒரு சின்ன ஊர். ஆடு மேய்க்கிறவர்கள் பாதி, மானாவாரி வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் பாதி. அங்கே பால்வாடிக் கட்டடம் கட்டும் பொறுப்பு, இந்தக் கதைக்கு இரண்டு வருடம் முன்னால், என்னிடம் வந்தது. வரைபடம் சென்னையிலிருந்து வந்தது. ஊட்டி மலைக்கும் ராமேசுவரம் மணலுக்கும் எங்கள் கரிசலுக்கும் ஒரே வரைபடம், ஒரே மூன்றடி அஸ்திவாரம். சமத்துவத்தில் எங்கள் துறைக்கு இருந்த பிடிப்பை யாரும் குறை சொல்ல முடியாது.

கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். சித்திரை மாதம் நிலம் பிளந்து கிடக்கும்போது ஆட்டுக்குட்டியின் கால் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். மூன்றடி அஸ்திவாரம் என்றால் அது மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கீழே சுக்கான் பாறை தட்டுகிற வரைக்கும், எட்டடியோ ஒன்பதடியோ, தோண்டி அதன்மேல் அஸ்திவாரம் போட்டால்தான் சுவர் நிற்கும். இது எனக்குத் தெரியாதது அல்ல. கல்லூரிப் பரீட்சையில் கரிசல் மண்ணில் அஸ்திவாரம் போடுவது பற்றி நாலு பக்கம் எழுதி, படமும் வரைந்து, இருபதுக்குப் பதினெட்டு வாங்கியவன் நான். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் கான்ட்ராக்டர் சாமித்துரை ஒருவர்தான்.

"சார், மூணடியோட நிப்பாட்டவா? கீழ இன்னும் கருப்பாத்தான வருது."

"வரைபடத்துல மூணடிதான் அண்ணாச்சி."

"வரைபடம் சரி சார். மண்ணு அதப் பாத்துருக்கா?"

நான் என் மேலதிகாரி சண்முகராஜிடம் போனேன். அவர் உதவி செயற்பொறியாளர். நல்ல மனிதர், எந்தக் காகிதத்தையும் இரண்டாவது நாளுக்கு வைத்திருக்க மாட்டார். கூடுதல் ஆழம் வேண்டும் என்றால் சென்னைக்கு எழுத வேண்டும், பதில் வர இரண்டு வருடம் ஆகும், கட்டடம் மார்ச்சுக்குள் முடிய வேண்டும் என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டு டீ சொன்னார். நானும் டீ குடித்துவிட்டு வந்து மூன்றடியோடு நிறுத்தச் சொன்னேன்.

எங்கள் படிப்பில் பாதுகாப்புக் காரணி என்று ஒன்று உண்டு. தூண் பத்து டன் தாங்க வேண்டுமென்றால் இருபது டன் தாங்குகிற மாதிரி கட்டுவோம். அந்த இரண்டு மடங்கு, நமக்குத் தெரியாத விஷயங்களுக்காக வைப்பது. தெரிந்தே செய்கிற தப்புக்கு எத்தனை மடங்கு வைக்க வேண்டும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

இரண்டாவது கோடையில் பால்வாடி டீச்சரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் பெயர் பேபி. நாற்பது வயது. அந்தப் பெயருக்காக யாராவது சிரித்தால், சிரித்து முடிக்கிற வரைக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் பொறுப்பில் மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருபத்து மூன்று பிள்ளைகள். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மேற்குச் சுவரில் தரையிலிருந்து ஜன்னல் மட்டத்துக்கு மேல் வரைக்கும் சாய்வாக வெடித்திருந்தது.

"பாருங்க சார். மொதல்ல ஓணான் வந்துச்சு, நான் ஒண்ணும் சொல்லல. பெறகு வெயில் வந்துச்சு, அப்பவும் ஒண்ணும் சொல்லல. இப்ப ஆளு கையே வருது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வெடிப்பு வழியாக இரண்டு விரல்கள் ஒரு கொடுக்காப்புளிப் பழத்தை நீட்டின. ஒரு பிள்ளை ஓடிப்போய் வாங்கிக்கொண்டது.

"உள்ள யாரு, இன்சினியர் சாரா? கும்பிடுதேன் சார்" என்றது சுவர். வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கருத்தையா அது. நானும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"பிள்ளைகள வெளிய கூட்டிட்டுப் போயி உக்கார வச்சிருதேன் சார். ஆனா கட்டடம் இருக்கையில வெளிய நடத்துனா, மையம் மூடிக் கெடந்துச்சுன்னு எழுதி என் வேலைய எடுத்துருவாக. இந்தக் கட்டடம் லாயக்கில்லன்னு நீங்க ஒரு எழுத்து மட்டும் குடுங்க. போதும்."

"ஆதாரம் இல்லாம நான் அப்படி எழுத முடியாதும்மா."

"இந்த வெடிப்பு ஆதாரம் இல்லையா?"

"இது வெடிப்பு. வெடிப்பு வளருதுங்கிறதுதான் ஆதாரம்."

கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதிவிட்டு வந்தேன். பதினோராவது நாள் உடைந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். சுவர் நகர்கிறது, கட்டடத்தைக் காலி செய்ய உத்தரவிட வேண்டும் என்று அன்றைக்கே எழுதி அனுப்பினேன். நாலாம் நாள் பதில் வந்தது.

"பார்வையில் காணும் கடிதத்தில், அரசு உடைமையாகிய கண்ணாடித் துண்டு ஒன்று உடைந்துவிட்டதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது. மேற்படி கண்ணாடி எவருடைய கவனக்குறைவினால் உடைந்தது என்பதையும், அது உடையாதிருக்க மேற்கொள்ளப்பட்ட முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள் யாவை என்பதையும் திரும்பும் தபாலில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

கடிதத்தை எழுதியவர் எங்கள் அலுவலகத் தலைமை எழுத்தர் ராஜமணி. நான் அவர் மேசைக்கே போனேன்.

"அண்ணாச்சி, அது உடையதுக்காகத்தான் ஒட்டுறது."

"உடையதுக்குன்னு எந்தச் சாமானையும் ஆபீஸ்ல வாங்க முடியாது சார். யாரு உடைச்சான்னு மட்டும் சொல்லுங்க."

"சுவரு உடைச்சுது."

ராஜமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுவரு யாருது?"

"அரசாங்கத்துது."

"கண்ணாடி?"

"அதுவும் அரசாங்கத்துதுதான்."

"அப்ப ஒரு அரசாங்கச் சொத்து இன்னொரு அரசாங்கச் சொத்த உடைச்சிருக்கு. இதுல நான் யாருக்கு மெமோ போட? நீங்களே சொல்லுங்க."

கடைசியில், கண்ணாடியைக் கவனிக்கத் தவறியது ஏன் என்று பேபி டீச்சரிடம் விளக்கம் கேட்பதாக முடிவாயிற்று. அதில் கையெழுத்துப் போட்டவன் நான். அவர், "இருபத்து மூன்று பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருந்ததால் கண்ணாடியைக் கவனிக்க முடியவில்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார்.

இரண்டாவது கண்ணாடியைக் கனமாகப் போட்டோம். பத்தொன்பது நாளில் உடைந்தது. மூன்றாவது கண்ணாடிக்குக் கம்பிவலை அடித்து, "தொடாதே, தண்டிக்கப்படுவாய்" என்று எழுதி வைத்தோம். சுவருக்குப் படிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது.

சண்முகராஜ் கூட்டம் போட்டார். "மூணு தடவை உடைஞ்சிருக்கு. மேல கேட்டா நம்ம பேருதான கெடும்? உடையாத பொருள் ஒண்ணுமே இல்லையா, யோகராஜ்?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பொருள்களில் இரண்டு சாதி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கண்ணாடி மாதிரி வளையாமல் நின்று பட்டென்று உடைவது ஒன்று. ரப்பர் மாதிரி இழுத்த பக்கமெல்லாம் நீண்டு, விட்டதும் பழைய இடத்துக்கு வருவது இன்னொன்று. பன்னிரண்டு வருட சர்வீசில் நான் எந்தச் சாதி என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது.

"ரப்பர் உடையாது சார்" என்றேன்.

அன்று மாலையே வரைபடம் போட்டேன். பழைய சைக்கிள் டியூப், ஆறு அங்குல நீளம், ஒரு அங்குல அகலம், இரண்டு ஓரமும் ஆணி. 'மேம்படுத்தப்பட்ட மீள்தன்மை வெடிப்புகாட்டி' என்று பெயரும் வைத்தேன். அழகாக வந்திருந்தது, பரீட்சையில் போட்ட படத்தைவிட நன்றாக. மூன்று மாதம் கண்காணித்தோம். அந்த மூன்று மாதத்தில் இரண்டு விரல் நுழைந்த வெடிப்பில் மணிக்கட்டு நுழைய ஆரம்பித்தது. ரப்பர் நீண்டதே தவிர அறுபடவில்லை. "கண்காணிப்புக் காலம் முழுவதும் காட்டி அறுபடாமையால் கட்டடம் உறுதியாக உள்ளதெனச் சான்றளிக்கப்படுகிறது. காட்டி அறுபடும் நேர்வில் குழந்தைகளை உடனே வெளியேற்ற வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பேபி டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார்.

"சார், சுவரே விழுந்தாலும் சைக்கிள் டியூப்பு அறாதே?"

"அறுபடலைன்னா நல்லதுதானம்மா."

"யாருக்கு?"

நான் வெளியே வந்து வண்டியை உதைத்தேன். எப்போதும் பத்து உதை வாங்கும் வண்டி, அன்றைக்கு முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது.

ஐப்பசியில் மழை பிடித்தது. கரிசல் ஊதியது. ஊதின மண் சுவரைத் தூக்கித் தள்ள, வெடிப்பு மெல்ல மூடிக்கொண்டது. கரிசலில் எல்லா வருடமும் நடப்பதுதான். அந்தச் சமயம் பார்த்து சண்முகராஜ் குடையோடு பார்வையிட வந்தார். சுருங்கித் தொங்கின ரப்பரைப் பார்த்தார், மூடின வெடிப்பைப் பார்த்தார்.

"யோகராஜ்! உங்க ரப்பர் சுவரையே இழுத்துச் சேத்துருச்சுய்யா!"

"சார், அது மழைக்கு மண்ணு..."

"அடக்கமெல்லாம் வேண்டாம்."

நான் அடக்கத்தை விட்டுவிட்டேன். சுற்றறிக்கை போயிற்று. தூத்துக்குடியில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள், எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதில் எடுத்த போட்டோ இன்னும் வீட்டில் இருக்கிறது, முகம் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

அதற்கப்புறம் ரப்பர் என் கையில் இல்லை. கோவில்பட்டி சைக்கிள் கடைகளில் டியூபை அளவாக வெட்டிக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டார்கள். கடம்பூரில் போளிக்கடைக்காரர் அடுப்புக்கு மேலே ஒட்டினார், அது உருகி வாடை வரவும் இன்னொன்று ஒட்டினார். தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் தீக்குச்சி மருந்து ரூமுக்கு ஒன்று, சாமி ரூமுக்கு ஒன்று என்று ஒட்டினார்கள். கறுப்பு டியூப் சாதாரணம், சிவப்பு டியூப் கௌரவம் என்று ஆயிற்று. வெடிப்பே இல்லாத புது வீட்டுக்காரர்கள் அக்கம்பக்கத்தில் தலைகுனிவாக இருக்கிறதே என்று வெறும் பூச்சின்மேல் ஒட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பெண் பார்க்க வந்த இடத்தில், "வீட்டுக்கு ரப்பர் போட்டாச்சுல்லா?" என்று விசாரித்ததை என் காதால் கேட்டேன். நானும் அந்தக் காபியைக் குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த சித்திரை வந்தது. மண் சுருங்கியது. மேற்குச் சுவரின் அடி வெளிப்பக்கம் தள்ளி, தலை உள்பக்கம் சாய்ந்து நின்றது. பேபி டீச்சர் மாதத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் "காட்டி அறுபட்டதா?" என்று கேட்டுப் பதில் போட்டோம்.

ஒரு திங்கட்கிழமை அவரிடமிருந்து வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. "காட்டி இன்று காலை அறுபட்டது. தங்கள் உத்தரவின்படி பிள்ளைகளை உடனே வெளியேற்றிவிட்டேன். கருத்தையாவின் ஆட்டுக்கொட்டகையில் மையம் நடைபெறுகிறது." நான் அலறி அடித்துக்கொண்டு போனேன். ரப்பர் நடுவில் நேர்கோடாக வெட்டுப்பட்டிருந்தது.

"டீச்சர், இது தானா அறுந்த மாதிரி இல்லையே."

"கத்திரிக்கோல் வச்சு நறுக்குனேன் சார். நீங்க எழுதுன எழுத்துல அறுபட்டான்னுதான் இருக்கு. தானா அறுபட்டான்னு இல்ல."

"உங்க வேலை போயிரும்மா."

"பிள்ளைகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா மட்டும் நிக்குமா? நின்னாலும் அந்த வேலை எனக்கு வேண்டாம் சார்." கொட்டகையில் பிள்ளைகள் ஆட்டுக்குட்டிகளோடு கத்திக்கொண்டிருந்தன. டீச்சர் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

நாலாம் நாள் விடியற்காலையில் கோடைமழை கொட்டித் தீர்த்தது. பிளந்து கிடந்த மண்ணுக்குள் தண்ணீர் இறங்கியது. பத்தரை மணிக்கு, சத்துமாவு உருண்டை கொடுக்கிற நேரத்தில், மேற்குச் சுவர் உள்பக்கமாக விழுந்தது. கூரையில் பாதியும் கூடவே இறங்கியது.

நான் போனபோது தூசி அடங்கியிருந்தது. அந்தத் தரையில், பிள்ளைகள் வரிசையாக உட்காருவதற்காக டீச்சர் மஞ்சள் பெயிண்டில் இருபத்து மூன்று வட்டம் போட்டு வைத்திருந்தார். ஒரு வட்டம்கூட வெளியே தெரியவில்லை. அங்கனேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். பக்கத்தில் வந்து நின்ற கருத்தையா, கட்டடம் போன வருத்தத்தில் அழுகிறேன் என்று நினைத்து, "விடுங்க சார், வேற கட்டிக்கிடலாம்" என்றார்.

விசாரணை ஒரு மாதம் கழித்து நடந்தது. கருத்தையாவைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

"ரப்பர் இருந்த வரைக்கும் சுவரு நின்னுச்சு சார். டீச்சர் நறுக்குனாக, நாலா நாளு விழுந்துட்டு. கண்டதத்தான் சொல்லுதேன். எங்க வீட்டுலயும் ரப்பர் போட்டுருக்கோம், அது நின்னுக்கிட்டுத்தான இருக்கு?" ஊர்க்காரர்கள் தலையை ஆட்டினார்கள்.

அடுத்து, தொழில்நுட்ப வல்லுநர் என்ற முறையில் என்னைக் கேட்டார்கள்.

"காட்டி வெட்டப்படுவதற்கு முன் சுவர் நின்றதா?"

"நின்றது."

"வெட்டப்பட்ட பின்?"

"விழுந்தது."

"இரண்டுக்கும் இடையே தொழில்நுட்ப ரீதியாக வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

பரீட்சையில் எழுதிய நாலு பக்கமும் அப்படியே ஞாபகம் வந்தது. ரப்பர் சுவரைத் தாங்காது என்று சொன்னால், என் சான்றிதழ் பொய் என்று நானே சொன்னதாகும். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பேபி டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை" என்றேன். ராஜமணி எழுதிக்கொண்டார்.

ஆடி மாதம் அறிக்கை வந்தது. கட்டடம் இடிந்து விழுந்தும் ஒருவருக்கும் சிராய்ப்புகூட ஏற்படாதது அதன் வடிவமைப்பின் சிறப்பைக் காட்டுவதாக என்னைப் பாராட்டியிருந்தார்கள். பேபி டீச்சரைப் பற்றி, "விதிப்படி குழந்தைகளை உள்ளே வைத்திருந்தால் சுவரின் அசைவு உரிய நேரத்தில் கவனத்துக்கு வந்திருக்கும். அதற்கான வாய்ப்பைப் பணியாளர் இல்லாமல் செய்துவிட்டார்" என்று இருந்தது. வேலை போய்விட்டது. நகலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வரும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

அவர் எல்லாப் பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"உங்களுக்குப் பிள்ளை இருக்கா சார்?"

"ஒரு பொண்ணு, சுகுணா. கோவில்பட்டியில ஒண்ணாப்பு படிக்கா. தனியார் பள்ளிக்கூடம்."

"அந்தக் கட்டடம் நீங்க கட்டுனதா?"

"இல்ல."

"அப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

திரும்புகிற வழியில் வண்டியை நேரே சுகுணாவின் பள்ளிக்கூடத்துக்கு விட்டேன். தலைமையாசிரியை மீனாட்சியம்மாள் எழுந்து நின்றே வரவேற்றார். "நீங்களே வந்தது எங்களுக்குப் பெருமை சார். வாங்க, காட்டுதேன்" என்று ஒன்றாம் வகுப்புக்குக் கூட்டிப்போனார். சுவரில் சிவப்பு டியூப், குங்குமப் பொட்டோடு. "அப்பா அம்மா எல்லாரும் வந்து கேட்டாக சார், 'ரப்பர் இல்லாத ஸ்கூல்ல எப்படிப் பிள்ளைய விட'ன்னு. போன வாரம்தான் போட்டோம். இப்பதான் எல்லாருக்கும் நிம்மதி."

டியூப் நன்றாக இழுபட்டு நின்றது. பின்னால் இருந்த வெடிப்பில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். உள்ளே போயிற்று. அதற்கு நேர் கீழே முதல் பெஞ்சில் சுகுணா உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, "எங்கப்பாதான் இதக் கண்டுபுடிச்சாக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார் மீனாட்சியம்மாள்.

"நல்லா ஒட்டியிருக்கீங்க" என்றேன்.

மறுநாள் காலையில், சுகுணாவுக்குக் கடுமையான காய்ச்சல் என்று ஒரு மாத விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன். அந்த வகுப்பில் இன்னும் நாற்பத்தோரு பிள்ளைகள். அவர்களுக்கும் எழுதியிருப்பேன். விடுப்புக் கடிதத்தில் அந்தந்தப் பிள்ளையின் தகப்பனார்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி.